களத்தைக் காட்டாத கிரிக்கெட் ஒளிபரப்பு: சாதாரண பார்வையாளருக்கு எது தேவை? (இணைய மன்ற உரையாடல்)

அல்சூர்க்காரன்

கிரிக்கெட்டை எல்லோருக்கும் கொண்டுசேர்க்கிறோம் என்று சொல்லிக் கடந்த சில ஆண்டுகளில் ஒளிபரப்பில் நிறைய மாற்றங்கள் வந்துவிட்டன. தமிழுக்கென்று தனி விளையாட்டுச் சேனல் 2017-இல் வந்தது. 2023 ஐ.பி.எல். இணையத்தில் இலவசமாக, பல இந்திய மொழி வர்ணனைகளோடு வந்தது. ஸ்ரீகாந்த், பத்ரிநாத், ஹேமங் பதானி, அபினவ் முகுந்த் என்று முன்னாள் ஆட்டக்காரர்கள் தமிழில் பேசியிருக்கிறார்கள். பெங்களூரில் வீட்டுக்குள் தமிழும் வாசலைத் தாண்டினால் கன்னடமுமாக வாழும் எங்களுக்கு இதெல்லாம் சிறிய காரியமல்ல. ஆனாலும் மொழி வந்த அளவுக்கு விளக்கம் வந்ததா என்று கேட்டால், வரவில்லை என்றே சொல்வேன். பேச்சும் சிரிப்பும் கூடியிருக்கின்றன. முன்பு ஆட்டம் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தவர் இப்போதும் புரியாமல்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

என் கட்சி இதுதான்: பந்து வீசப்படுவதற்கு முன் களத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது தெரியாதவரை இந்த ஆட்டம் யாருக்கும் புரியாது. மைதானத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தத் தகவல் கேட்காமலே கிடைத்துவிடுகிறது. தொலைக்காட்சியில் நமக்குத் தெரிவதோ பந்துவீச்சாளரின் முதுகு, இருபத்திரண்டு கஜ நிலம், மட்டையாளர், விக்கெட் கீப்பர், சில சமயம் கீப்பரின் பக்கத்தில் நிற்கும் ஒரு ஸ்லிப், அவ்வளவுதான். அடி விழுந்த பிறகு கேமரா பந்தைத் துரத்திக்கொண்டு போகிறது. போய்ச் சேரும் இடத்தில் ஆள் இருந்தால் கேட்ச், இல்லாவிட்டால் நான்கு. இப்படியே பார்த்துப் பழகியவருக்கு எல்லாம் அதிர்ஷ்ட விளையாட்டாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

டி20 ஆட்டத்தின் பதினெட்டாவது ஓவரை எடுத்துக்கொள்ளுங்கள். வலது கை மட்டையாளர், வேகப்பந்து. முப்பது கஜ வட்டத்துக்கு வெளியே ஐந்து பேர் நிற்கலாம். கேப்டன் தேர்ட் மேன், டீப் பாயின்ட், லாங் ஆஃப், லாங் ஆன், டீப் மிட் விக்கெட் ஆகிய எல்லையோர இடங்களில் ஐவரை நிறுத்திவிட்டு, மட்டையாளருக்குப் பின்னால் கால் பக்கம் ஃபைன் லெக்கில் நிற்பவரை வட்டத்துக்குள் கூப்பிட்டுக்கொள்கிறார். அந்த நொடியிலேயே பாதிக் கதை முடிந்துவிட்டது. பந்துவீச்சாளர் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே தள்ளி, மட்டையின் அடிநுனியில் விழும் யார்க்கர் போடப் பார்ப்பார். அது மட்டையாளருக்கும் தெரியும். ஆகவே அவர் ஆஃப் பக்கம் நகர்ந்து மண்டியிட்டு, உள்ளே நிற்கும் ஃபைன் லெக்கின் தலைக்கு மேல் பந்தைத் தூக்கிவிட முயல்வார். இந்த இழுபறி முழுவதும் பந்து கையை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே நடந்து முடிகிறது. நமக்கு வந்து சேர்வது, பந்து எல்லைக் கோட்டைத் தாண்டிய பிறகு எழும் ‘என்ன தைரியம் பாருங்கள்!’ என்ற கூச்சல் மட்டும்.

எங்கள் மாடி வீட்டுப் பெரியவர் பணி ஓய்வுக்குப் பிறகுதான் கிரிக்கெட் பார்க்கத் தொடங்கியவர். ஒருநாள் இதே மாதிரி ஒரு ஓவரில், ‘அந்த ஆளை எதுக்குப்பா உள்ளே கூப்பிட்டாங்க?’ என்று கேட்டார். மேலே எழுதியதை இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். அடுத்த பந்துக்கு மட்டையாளர் நகரத் தொடங்கியதுமே, ‘பின்னாலே தூக்கப் போறான்’ என்றார். அந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்வதற்கு ஒளிபரப்பில் ஏன் இடமில்லை என்பதுதான் என் கேள்வி.

1977-இல் ஊடக முதலாளி கெர்ரி பாக்கர் ஆஸ்திரேலியாவில் தன் போட்டித் தொடரை நடத்தும்வரை, பெரும்பாலும் மைதானத்தின் ஒரு முனையிலிருந்துதான் பந்துவீச்சைக் காட்டினார்கள். ஒன்றுவிட்டு ஒரு ஓவரில் பார்வையாளர் மட்டையாளரின் முதுகைத்தான் பார்த்தார். இரண்டு முனையிலும் கேமரா வைத்தபோது அதை வீண் செலவு என்றுகூடச் சிலர் நினைத்திருக்கலாம். இன்று அப்படி இல்லாத ஒளிபரப்பை நினைத்துப் பார்க்க முடிகிறதா? ஒவ்வொரு ஓவரின் தொடக்கத்திலும் யார் எங்கே நிற்கிறார் என்று காட்டும் மூன்று நொடி களப்படம், ஆள் இடம் மாறினால் ஒரு அகலக் காட்சி, யார் எங்கிருந்து எங்கே போனார் என்று ஒரு வரி. நான் கேட்பது இவ்வளவே.

சிவாஜிநகர் சிங்கம்

ஐயா, நீங்கள் கேட்பது நியாயமானதாக இருக்கலாம், நடக்கக்கூடியதாகத் தோன்றவில்லை. 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமைகள் எல்லாம் சேர்ந்து 48,390 கோடி ரூபாய்க்கு விலைபோயின. அந்தப் பணத்தை விளம்பரத்தில்தான் திரும்ப எடுக்க வேண்டும். ஓவருக்கும் ஓவருக்கும் இடையில் நீங்கள் களப்படம் காட்டச் சொல்லும் அந்த மூன்று நொடிக்கும் விலை உண்டு. மேலும், ஆட்டத்தின் நுணுக்கம் தெரிந்தவர்கள் எப்படியும் பார்க்கத்தான் போகிறார்கள். வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் திரைக்கு முன் உட்கார வைக்க வேண்டுமானால் கலகலப்பாகப் பேசினால்தான் முடியும். ஆர்.ஜே. பாலாஜியின் வர்ணனையைக் கேட்பதற்காகவே எங்கள் வீட்டில் தமிழ்ச் சேனலை வைத்தார்கள். ஃபைன் லெக் உள்ளே வந்தாரா வெளியே போனாரா என்று ஓவருக்கு ஓவர் பாடம் நடத்தினால் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

செவிவழி

நான் பார்வை இழந்தவன். இருந்தும் கிரிக்கெட்டை விடாமல் பின்தொடர்பவன். இந்த இழையின் தலைப்பு என்னைப் போன்றவர்களுக்கு வேறு விதத்தில் பொருந்துவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தொலைக்காட்சி வர்ணனை, பார்த்துக்கொண்டிருப்பவருக்காகப் பேசப்படுகிறது. படம் தானே சொல்லிவிடுவதைத் திரும்பச் சொல்லாதே, படத்தோடு கூடுதலாக ஏதாவது சேர்க்க முடிந்தால் மட்டும் வாயைத் திற என்பது ஆஸ்திரேலிய வர்ணனையாளர் ரிச்சி பெனோ காலத்திலிருந்து அந்தத் தொழிலில் மதிக்கப்படும் நெறி. அதில் எனக்குக் குறையில்லை. என் குறை, இன்றைய வர்ணனை படத்தையும் சொல்லுவதில்லை, படத்தோடு எதையும் சேர்ப்பதுமில்லை என்பதுதான். பந்து மட்டையில் படும் ஓசை ஸ்டம்ப் மைக்கில் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. அதன் பிறகு, ‘அடடா! அடடா! என்னா அடி!’ என்று இருவர் சேர்ந்து குரலெழுப்புகிறார்கள். கூட்டம் இரைகிறது. பந்து எந்தப் பக்கம் போயிற்று, தரையோடு போயிற்றா பறந்து போயிற்றா, பிடித்தார்களா விட்டார்களா என்பதெல்லாம் அடுத்த விளம்பரத்துக்குப் பிறகு யாராவது ஸ்கோரைச் சொன்னால் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

வானொலியில் அப்துல் ஜப்பார் போன்றவர்கள் தமிழில் வர்ணித்ததைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். வானொலி வர்ணனையாளர் களத்தைச் சொல்லாமல் ஒரு பந்தைக்கூடக் கடக்க முடியாது. கேட்பவரின் மனத்தில் அந்த வட்டத்தை வரைந்தால்தான் பந்து போகும் திசைக்குப் பொருள் வரும். அல்சூர்க்காரர் கேட்கும் களப்படத்தை அவர்கள் வாயாலேயே வரைந்தார்கள். பார்வையுள்ளவருக்கு அது மிகையாகத் தோன்றலாம், ஆனால் சமையலறையில் வேலை செய்துகொண்டே காதைக் கூடத்தில் வைத்திருப்பவரும், வண்டி ஓட்டிக்கொண்டே கைபேசியில் கேட்பவரும் அந்த நேரத்துக்கு என் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்தானே.

2024 ஐ.பி.எல்.-இல் செவித்திறன் குறைந்தவர்களுக்காகச் சைகை மொழியில் ஒரு ஒளிபரப்பு வந்தது. நல்ல தொடக்கம் அது, மனமாரப் பாராட்டுகிறேன். அதுபோலக் காதால் மட்டும் பின்தொடர்பவர்களுக்கென்று தமிழில் ஒரு ஒலித்தடம் வர வேண்டும்.

பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு நினைவூட்டல். பார்வையற்றோருக்கான முதல் டி20 உலகக் கோப்பை 2012-இல் நம் ஊரில்தான் நடந்தது. இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானை வென்று இந்தியா கோப்பையை எடுத்தது. அந்த ஆட்டத்தில் பந்துக்குள் குண்டுகள் கலகலக்கும். பந்துவீச்சாளர் ‘ரெடி?’ என்று கேட்க வேண்டும், மட்டையாளர் ‘யெஸ்’ என்று சொல்ல வேண்டும், ‘ப்ளே’ என்று குரல் கொடுத்த பிறகே பந்து கையை விட்டுப் புறப்படும். முழுப் பார்வையிழப்பு உள்ளவர் எடுக்கும் ஓட்டம் இரண்டு மடங்காகக் கணக்கில் சேரும். நடப்பது என்ன என்று சொல்லிக்கொண்டே ஆடும் வழக்கத்தை ஆட்டத்தின் விதிக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள்.

எடிட் ரூம்

விளையாட்டு ஒளிபரப்புத் தயாரிப்பில் சில காலம் வேலை செய்தவன் என்ற முறையில், வர்ணனையாளர்கள் களத்தைச் சொல்லாததற்கு ஒரு காரணத்தை இங்கே பதிவு செய்வது நல்லது. அவர்கள் களத்தைப் பார்ப்பதில்லை.

மைதானத்தில் கேமராக்களும், காட்சியைத் தேர்ந்தெடுக்கும் இயக்குநரும் சேர்ந்து உருவாக்கும் பொதுப் படம் ஒன்றுதான். எல்லா மொழிகளுக்கும் அந்த ஒரே படம் போகிறது. ஆங்கில வர்ணனையாளர்கள் பெரும்பாலும் மைதானத்தில், கண்ணாடிக்குப் பின்னால், முழுக் களமும் தெரியும் இடத்தில் இருப்பார்கள். தமிழ், தெலுங்கு, கன்னட வர்ணனையாளர்களில் பெரும்பாலோர் மும்பையில் ஒரு ஸ்டுடியோவில், நீங்கள் வீட்டில் பார்க்கும் அதே படத்தைத் திரையில் பார்த்துக்கொண்டு பேசுகிறார்கள். பொதுப் படத்தில் ஃபைன் லெக் உள்ளே வந்தது தெரியாவிட்டால் அவர்களுக்கும் தெரியாது. அந்த நேரத்தில் அமைதியாக இருந்தால் தயாரிப்பாளர் காதுக்குள் ‘பேசுங்கள், பேசுங்கள்’ என்பார். பழைய கதை, ஜோக், சக வர்ணனையாளரைக் கிண்டல் செய்வது எல்லாம் அங்கிருந்துதான் பிறக்கின்றன. பேசுபவருக்கு ஆட்டம் தெரியாமலில்லை; பத்ரிநாத்துக்கும் அபினவ் முகுந்துக்கும் ஃபீல்டிங் வியூகத்தை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. முழுக் களமும் தெரியும் காட்சி அவர்கள் முன்னால் இல்லை என்பதுதான் குறை.

பயணச் செலவைக் குறைப்பதற்காக இந்த ஏற்பாடு வந்தது. பல மொழிகளுக்குப் பல குழுக்களை ஊர் ஊராக விமானத்தில் அழைத்துப்போய்த் தங்க வைப்பதென்றால் அத்தனை மொழிகள் வந்திருக்கவே மாட்டா. ஆகவே மொழி கிடைத்ததற்கும் களம் தொலைந்ததற்கும் காரணம் ஒன்றே என்பதை அல்சூர்க்காரர் கவனிக்க வேண்டும்.

கப்பன் பார்க் வாசகி

சிவாஜிநகர் நண்பரே, ‘வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும்’ திரை முன் உட்கார வைக்கக் கலகலப்பு வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கிரிக்கெட்டுக்குள் வந்ததே 2024-இல், பெண்கள் பிரீமியர் லீக் ஆட்டங்கள் சின்னசாமி மைதானத்தில் நடந்தபோதுதான். அந்த ஆண்டு ஸ்மிருதி மந்தனாவின் அணி கோப்பையை வென்றதை நீங்களும் அறிவீர்கள். என்னோடு வந்தவர்களில் பலர் முதன்முதலாக மைதானத்துக்குள் நுழைந்தவர்கள். இடைவேளையில் அவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் எல்லாம் நீங்கள் ‘பாடம்’ என்று ஒதுக்கும் வகையைச் சேர்ந்தவை. முதல் ஆறு ஓவரில் மட்டும் ஏன் எல்லோரும் கிட்டே நிற்கிறார்கள்? வெளியே இரண்டு பேர்தான் நிற்கலாம் என்று யார் சொன்னது? ஸ்பின்னர் பந்து போடும்போது கீப்பர் ஏன் ஸ்டம்பை ஒட்டி நிற்கிறார்? புதிதாக வருபவருக்குச் சிரிக்க வேறு சேனல்கள் இருக்கின்றன. அவர் இங்கே வருவது இந்த ஆட்டம் என்னவென்று தெரிந்துகொள்ளத்தான்.

ஆனால் அல்சூர்க்காரரோடும் எனக்கு ஒரு பிணக்கு உண்டு. மைதானத்தில் இருப்பவருக்கு எல்லாம் கேட்காமலே கிடைக்கும் என்கிறீர்களே, அது பாதிதான் உண்மை. களம் தெரியும், சரி. பந்து சுழன்றதா நேராகப் போனதா என்பது மேல் வரிசையிலிருந்து தெரியாது. மட்டையாளர் வெளியேறுகிறார், எப்படி வெளியேறினார் என்பது பெரிய திரையில் காட்டினால் உண்டு, இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டும். முன்பெல்லாம் டெஸ்ட் ஆட்டத்துக்கு டிரான்சிஸ்டரைக் கையில் எடுத்துக்கொண்டு போவார்கள் என்று அப்பா சொல்வார்; கண்ணுக்கு மைதானம், காதுக்கு வானொலி. நான் கைபேசியில் வர்ணனையைப் போட்டுப் பார்த்தேன். மைதானத்தில் ஆள் அவுட்டாகிப் பாதி தூரம் நடந்துவிட்ட பிறகு, என் காதில் பந்துவீச்சாளர் அப்போதுதான் ஓடி வருகிறார். இணைய ஒளிபரப்பில் இருக்கும் இந்தத் தாமதத்தைக் குறைக்காமல் எத்தனை மொழி கொடுத்தாலும் மைதானத்தில் அது பயன்படாது. நுழைவுச் சீட்டு வாங்கியவருக்கு உள்ளேயே கேட்கும்படி தாமதமில்லாத ஒலி வசதி ஒன்றைக் கிரிக்கெட் சங்கங்கள் ஏற்படுத்தினால் புண்ணியமாகப் போகும்.

ஸ்கோர் புத்தகம்

நான் லீக் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுபவன். களத்தைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. திரையின் அடியில் ஓடும் எண்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

15.4 ஓவர் என்று திரையில் வருகிறது. பள்ளிக்கூடத்தில் தசமம் படித்த எவரும் அதைப் பதினைந்தரைக்குச் சற்றுக் குறைவு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் அது பதினைந்து ஓவரும் நான்கு பந்தும், அதாவது 94 பந்து, மீதம் 26. ‘26 பந்தில் 41’ என்று பெரிதாகப் போட்டுவிட்டால் ஒன்பது வயதுக் குழந்தைக்கும் நிலைமை புரியும். இங்கிலாந்தில் 2021-இல் தொடங்கிய நூறு பந்துப் போட்டியில் ஓவர் கணக்கையே ஓரங்கட்டிவிட்டுப் பந்துகளை நேரடியாக எண்ணினார்கள். அந்தப் போட்டியைப் பற்றி எனக்குப் பல புகார்கள் உண்டு, ஆனால் இந்த ஒன்றில் அவர்கள் செய்தது சரி.

அடுத்தது, மழையால் ஆட்டம் தடைபட்டால் இலக்கைத் திருத்தும் டக்வொர்த் லூயிஸ் ஸ்டெர்ன் முறை. மழை பெய்தால் வர்ணனையாளர்கள் அதைக் கேலி செய்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அடிப்படை மிக எளிது: ஒரு அணியிடம் இருக்கும் மூலதனம் இரண்டு வகை, மீதமுள்ள ஓவர்கள், கையிலிருக்கும் விக்கெட்டுகள். மழையால் ஓவர் குறைந்தால் மூலதனமும் குறைகிறது. எவ்வளவு குறைந்தது என்பதற்கு ஓர் அட்டவணை இருக்கிறது. அதற்கேற்ப இலக்கு மாறுகிறது. எட்டு விக்கெட் கையில் இருக்கும்போது ஐந்து ஓவரை இழப்பதும், இரண்டு விக்கெட் மட்டும் இருக்கும்போது அதே ஐந்து ஓவரை இழப்பதும் ஒன்றல்ல என்பதைத்தான் அந்த அட்டவணை சொல்கிறது. மழை இடைவேளையில் இதை விளக்க எவ்வளவு நேரம் கிடக்கிறது! பழைய ஆட்டத்தின் சிறப்புக் காட்சிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள்.

புரியாததால் நேரும் கேடு பார்வையாளரோடு நிற்பதில்லை. 2003 உலகக் கோப்பையில் டர்பனில் இலங்கைக்கு எதிராகத் தென்னாப்பிரிக்கா ஆடியபோது மழை வந்துகொண்டிருந்தது. 45-ஆவது ஓவரின் முடிவில் 229 இருந்தால் வெற்றி என்று களத்துக்குத் தகவல் போயிற்று. முரளிதரன் பந்தில் மார்க் பௌச்சர் ஒரு சிக்சர் அடித்து 229-ஐத் தொட்டார். ஓவரின் கடைசிப் பந்தை ஓட்டம் எடுக்காமல் தட்டிவிட்டார். 229 என்பது சமன் செய்யும் எண். வெற்றிக்கு 230 வேண்டியிருந்தது. மழையில் ஆட்டம் நின்றது, சமனில் முடிந்தது, போட்டியை நடத்திய நாடே வெளியேறியது. ஆடும் அணிக்கே இந்தக் கதி என்றால், திரையில் ‘சமன் எண் இது, வெல்ல இதைவிட ஒன்று கூடுதல்’ என்று ஒவ்வொரு பந்துக்கும் காட்டச் சொல்வது பேராசையா?

மூன்றாவது, எல்.பி.டபிள்யூ. (காலில் படாவிட்டால் பந்து ஸ்டம்பில் பட்டிருக்கும் என்று அவுட் கொடுப்பது) மறுபரிசீலனையில் வரும் ‘அம்பயர்ஸ் கால்’. பந்தின் பாதிக்கு மேல் ஸ்டம்பில் படும் என்று கணினியின் கணிப்பு சொன்னால்தான் நடுவரின் நாட் அவுட் முடிவு மாறும். அதற்குக் குறைவாக உரசினால் களத்தில் சொன்னதே நிற்கும். ஆகவே அச்சாக ஒரே மாதிரியான இரண்டு பந்துகளில் ஒருவர் அவுட், இன்னொருவர் நாட் அவுட் ஆக முடியும். இதைக் காணும் புதியவர் ஏமாற்று வேலை என்று நினைப்பது இயல்பு. கணிப்பு என்பதில் சிறு பிழைக்கு இடமுண்டு, அந்தச் சந்தேகத்தின் பலனை நடுவருக்குக் கொடுக்கிறார்கள் என்று ஒரு முறை சொன்னால் போதும். கூடவே ஒன்று: சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று வண்ணத்தை மட்டும் நம்பாமல் எழுத்திலும் பெரிதாகப் போடுங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் நாம் நினைப்பதைவிட அதிகம்; என் மருமகனே அவர்களில் ஒருவன்.

அல்சூர்க்காரன்

எடிட் ரூம் நண்பர் சொன்னது என் வாதத்தை மாற்றவில்லை, அது எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைத்தான் காட்டியது. பொதுப் படம் ஒன்றே என்றால், களப்படத்தை அந்தப் பொதுப் படத்திலேயே சேர்த்துவிட்டால் ஒரே செலவில் எல்லா மொழிகளுக்கும் கிடைத்துவிடுமே. வரைபடத்துக்கு மொழிபெயர்ப்பும் தேவையில்லை.

ஒரு சிறு எடுத்துக்காட்டைச் சேர்க்கிறேன். ஓவர்களைக் காலத்தில் முடிக்காத அணி, கடைசி ஓவர்களில் வெளியே ஐவருக்குப் பதில் நால்வரை மட்டுமே நிறுத்தலாம் என்ற விதி 2022-இல் சர்வதேச டி20-க்கு வந்தது. ஆட்டத்தின் முடிவையே புரட்டிப்போடும் தண்டனை இது. திரையில் எப்போதாவது ஒரு சின்னக் குறி வருவதோடு சரி. எல்லைக் கோட்டில் ஒரு காவல் குறைந்திருக்கிறது, அந்த இடைவெளியை நோக்கித்தான் மட்டையாளர் அடிக்கிறார் என்பது படத்தில் தெரிந்தால், தாமதத்துக்கு என்ன விலை என்று யாருக்கும் தனியாக விளக்க வேண்டியிருக்காது.

தூர்தர்ஷன் தலைமுறை

எல்லோரும் எதைக் காட்ட வேண்டும் என்றே பேசுகிறீர்கள். யாருக்குக் காட்டப்படுகிறது என்பதையும் சேர்க்க வேண்டும். கட்டணம் கட்ட முடியாதவருக்குக் களப்படத்தால் என்ன பயன்?

அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்னதே ஒரு கிரிக்கெட் வழக்கில்தான். 1993 ஹீரோ கோப்பை ஆட்டங்களை யார் ஒளிபரப்புவது என்று வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் அரசுக்கும் மூண்ட தகராறு அது. பிறகு 2007-இல் ஒரு சட்டம் வந்தது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவிக்கப்பட்ட விளையாட்டு ஒளிபரப்பைத் தனியார் உரிமையாளர், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். தொலைக்காட்சி விளம்பர வருவாயில் நூற்றுக்கு 75 பங்கு உரிமையாளருக்கு, 25 பங்கு பிரசார் பாரதிக்கு. இந்திய ஆண்கள் அணியின் ஒருநாள், டி20 ஆட்டங்கள் இதில் அடங்கும். ஐ.பி.எல். அடங்காது. இந்தப் பகிர்வும் தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்புக்கும் இலவச டிஷ்ஷுக்கும் மட்டுமே, கேபிளில் காட்டக் கூடாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே கேபிள் வைத்திருக்கும் நடுத்தர வீட்டில் தூர்தர்ஷனைத் திருப்பினால் ஆட்டத்துக்குப் பதில் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருக்கும். சட்டம் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. சேனல் கெட்டுவிட்டது என்று கேபிள்காரருக்குத் தொலைபேசி செய்வார்கள்.

2023 ஜூலையில் இந்திய அணியின் மேற்கிந்தியப் பயணத்தை, இந்தியோடு தமிழ், கன்னடம், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளிலும் தூர்தர்ஷன் கொடுத்தது. வர்ணனை மெருகாக இல்லை என்று கேலி பேசினார்கள். எனக்கு அந்த மெருகின்மையே பிடித்திருந்தது. ஸ்கோரை அடிக்கடி சொன்னார்கள், கத்தவில்லை. இந்த முயற்சியைத் தொடராக நடத்த வேண்டும்.

சிவாஜிநகர் சிங்கம்

வாசகி அவர்களின் கண்டனத்தை ஏற்பதா மறுப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் வீட்டில் கேட்டதில் இரண்டு விதமான பதில்களும் வந்தன. கலகலப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கும் ஆற்றாமை உண்டு. ஓவரின் கடைசிப் பந்து முடிந்த கணத்தில் விளம்பரத்துக்குத் தாவி, அடுத்த ஓவரின் முதல் பந்து பாதி வழியில் வரும்போது திரும்புகிறார்களே, அந்த வழக்கத்தை ஒழித்தால் போதும். சர்வதேச ஒருநாள், டி20 ஆட்டங்களில் ஓவர்களுக்கு இடையே அறுபது நொடிக் கடிகாரம் கட்டாயமாகிவிட்டது. அந்த அறுபதில் ஐம்பதை எடுத்துக்கொள்ளட்டும். பத்து நொடியை அல்சூர்க்காரர் தன் களப்படத்துக்கு வைத்துக்கொள்ளட்டும்; நான் வழக்கு தொடுக்க மாட்டேன்.

செவிவழி

சிங்கம் அவர்கள் பத்து நொடி கொடுத்ததற்கு நன்றி. அதில் காதுக்கும் பங்கு வேண்டும். என்னிடம் கேட்டால் ஓவர் தொடங்கும்போது சொல்ல வேண்டிய வரிசை இது: ஸ்கோர், எத்தனை பந்தில் எத்தனை வேண்டும், யார் யாருக்கு வீசுகிறார், வெளியே யார் யார் நிற்கிறார்கள். பந்து அடிபட்டதும் முதலில் திசை, பிறகு முடிவு, அதற்குப் பிறகு வேண்டுமானால் வியப்பு. திசையைச் சொல்லிவிட்டு எவ்வளவு கத்தினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

எடிட் ரூம் நண்பரிடம் ஒரு கேள்வி. வர்ணனையாளர்களை மைதானத்துக்கு அனுப்புவது செலவு என்கிறீர்கள். மைதானத்தில் ஒரே ஒருவரை உட்கார வைத்து, ஆள் இடம் மாறும்போதெல்லாம் குறிப்பெழுதி எல்லா மொழி ஸ்டுடியோக்களுக்கும் அனுப்பச் சொன்னால் என்ன?

எடிட் ரூம்

தாராளமாகச் செய்யலாம். புள்ளிவிவரம் அனுப்புபவர் ஏற்கெனவே இருக்கிறார். அவருடைய திரையில் களத்தின் வட்டத்தைச் சேர்த்து, ஆளை இழுத்து வைத்தால் எல்லா ஸ்டுடியோவிலும் தெரியும்படி செய்வது பெரிய வேலையில்லை. சிக்கல் அதற்குப் பிறகுதான். விக்கெட் விழுந்த உடனே புதிய மட்டையாளருக்காகக் கேப்டன் மொத்தக் களத்தையும் மாற்றுவார். களத்தைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. விளம்பரத்துக்கும் அதுவே நல்ல நேரம். தயாரிப்பாளர் எந்தப் பொத்தானை அழுத்துவார் என்று எனக்குத் தெரியும். சிங்கம் கொடுத்த பத்து நொடியை விக்கெட் விழும் நேரத்துக்கும் சேர்த்துக் கேளுங்கள்.